தயிர்ச் சட்டியோடு ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்பத்துக்கு ஏற்ற ஜீப் என்று உங்கள் ஞாயிறு வாகனப் பக்கத்தில் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தெற்கு அதிவேக வீதியில் 100இல் போனதாம், சத்தமே இல்லையாம், ஸ்டியரிங் பூப்போல இருந்ததாம். சரி, அந்த வீதியில் எந்த வாகனம்தான் ஓடாது? அதே ரகத்தில் ஒன்று என்னிடமும் நிற்கிறது. ஜப்பானில் பாவித்து வந்த 2015 மொடல், 1.5 லீற்றர் ஹைபிரிட். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வாகனங்களின் விலை தாறுமாறாக ஏறியதே, அந்தக் காலத்தில் லீசிங் போட்டு வாங்கியது, இன்னும் கட்டுகிறேன். கம்பனிப் பெயர் வேண்டாம். கல்லடியில் இருந்துகொண்டு மூன்று வருடமாக ஓட்டுகிறவன் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

நல்லது இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பழைய காரில் குனிந்து, கதவைப் பிடித்துத் தொங்கி, ஏறி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். இதில் இருக்கை இடுப்பு உயரம், பின்பக்கமாக அப்படியே அமர்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தால் முடிந்தது. "மனே, இது நம்மட வீட்டுக் கதிர மாதிரி" என்றார். லீசிங் காசில் பாதி எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது. கொழும்புப் பயணத்தில் லீற்றருக்குப் 18 கிலோமீற்றர் வரை கிடைக்கிறது, அதிலும் குறையில்லை.

ஆனால் செங்கலடியில் இருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில் ஏற்றிப் பாருங்கள். பிபிலை வரை சுகமான ஓட்டம். லுணுகலை ஏற்றத்தில் லொறி ஒன்று முன்னால் ஊர்ந்தது, நானும் அதன் வாலைப் பிடித்து ஊர்ந்தேன், பிறேக்கில் கால் வைக்காமல் அக்சிலேற்றரை லேசாக மிதித்து மிதித்தே வாகனத்தை ஏற்றத்தில் தாங்கி வைத்தேன். பத்து நிமிடம் போயிருக்காது, கியர் பெட்டி சூடாகிவிட்டது என்று முன்னால் எச்சரிக்கை எரிந்தது. பின் இருக்கையில் மூன்று பேர், மழை வேறு. ஓரங்கட்டி அரை மணித்தியாலம் நின்றோம். பழக்கமான ஓட்டோ கியர் இல்லை இது, உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கிறது, ஊரும்போது அரைப்பிடியில் தேய்ந்து சூடேறும். பிறேக்கைப் பிடித்து நின்று, லொறி நாலு வண்டித் தூரம் போனபிறகு ஒரே மூச்சில் எடுத்தால் அந்தக் கரைச்சல் இல்லை. இதை எனக்குச் சொன்னவர் வாகனத்தை விற்றவர் அல்ல, பசறைத் தேநீர்க் கடையில் நின்ற ஒரு வான் சாரதி. இறங்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும்: ஹைபிரிட் மோட்டார் பற்றரிக்கு மின் ஏற்றியபடி வாகனத்தைப் பிடித்து வைக்கும், பற்றரி நிறைந்ததும் அந்தப் பிடி குறைந்துவிடும், பாரம் முழுவதும் பிறேக்கில் விழும், அதனால் கியரை 'எஸ்'இல் போட்டு எஞ்சினால் பிடித்து இறக்க வேண்டும்.

உதிரிச் சில்லும் இல்லை! ஓட்டையை அடைக்க ஒரு திரவப் போத்தலும் காற்றடிக்கும் சின்ன மெஷினும்தான் டிக்கியில் இருந்தன. ஆணி ஏறினால் சரி, ரயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் போத்தலை வைத்து என்ன செய்வது? நான் தனியாக ஒரு சில்லு வாங்கிப் போட்டேன், அதோடு டிக்கியில் பாதி போய்விட்டது. கொழும்பில் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகும் நாலு தயிர்ச் சட்டியும் இப்போது பிள்ளைகளின் காலடியில்தான் போகின்றன. வேகத்தடையில் ஏறினால் நான்தான் முதலில் சட்டியைத் திரும்பிப் பார்க்கிறேன்.

மாரியில் இன்னொரு கதை. கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதியில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது, மச்சான் பக்கத்தில் இருந்து "ஜீப்தானே, விடுங்க" என்கிறார். முன்சில்லு மட்டும் இழுக்கிற வாகனம், டிக்கித் தட்டுக்குக் கீழே ஹைபிரிட் பற்றரி, இதையா தண்ணீரில் விடுவது? திருப்பிக்கொண்டு வந்து, கிரானில் விட்டுவிட்டு ரக்டரில் ஏறினோம். முகம் ஜீப், உடம்பு கார், அவ்வளவுதான். மாரியில் வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைக்குப் போய்வர ஒன்று தேடுகிறவர்கள் வேறு பார்க்கட்டும்.

(ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ அறிவிக்கும். அங்கே அதிவேக வீதிக் கட்டணத்துக்கான அட்டை போடவில்லை என்று சொல்கிறதாம். மகள் "சரி அக்கா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் பெல்ட் போடுவாள்.)

2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு புதிது புதிதாக வந்து இறங்குகின்றன, உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் இங்கே பலர் முற்பணம் கட்டுகிறார்கள். அடுத்த வாகனத்தை எழுதுமுன் ஐந்து பேரை ஏற்றி, கட்டாக்காலி மாடு படுத்திருக்கும் இரவு வீதியிலும், அறுவடைக் காலத்தில் பாதி வீதிக்கு நெல் பரப்பியிருக்கும்போதும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். தயிர்ச் சட்டி நான் தருகிறேன்.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.