ஒரே ஒரு வார்னிங் கேட்டு ஒரு திறந்த மடல்

ஆடியோ லைப்ரரியை (ஒலியைக் கையாள உதவும் புரோகிராம் தொகுப்பை) பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். எண்களை வாங்கி வேவ் ஃபைலாக, அதாவது ஒலிக் கோப்பாக எழுதும் உங்கள் ஃபங்ஷன், அளவு மீறினாலும் எச்சரிக்காமல் ஒலியைக் கெடுத்து எழுதிவிடுகிறது என்று நான் அனுப்பிய புகாரை "உள்ளீடு தவறு" என்று ஒரே வரியில் மூடிவிட்டீர்கள். உள்ளீடு தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

அக்கா வீட்டில் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். அவளுக்காக ஐந்து கட்டைச் சுருதி ஒன்று தயாரித்தேன். 196 ஹெர்ட்ஸில் சட்ஜம், 294இல் பஞ்சமம், 392இல் மேல் சட்ஜம். மூன்றுக்கும் 0.6 அளவு வைத்து, கூட்டி உங்கள் ஃபங்ஷனிடம் கொடுத்தேன். எரர் இல்லை, ஃபைல் வந்துவிட்டது. வகுப்பில் போட்டதும் முன்வரிசைச் சிறுமி காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, தம்புராக்குள்ள வண்டு இருக்கு" என்றாள்.

அந்த வண்டைத் தேடி நான்கு நாள் போனது. சட்ஜம் மட்டும் ஒலித்தால் சுத்தமாக இருந்தது. பஞ்சமம் சேர்ந்ததும் கரகரத்தது. ஸ்பீக்கரை மாற்றினேன், புது வயர் வாங்கினேன், நொடிக்கு 44,100 ஸாம்பிள் (அலையின் உயரத்தைச் சொல்லும் எண்) என்றிருந்ததை 48,000 ஆக்கினேன், ஒலி மெல்ல ஏறி இறங்கத் தொடக்கத்திலும் முடிவிலும் 10 மில்லி செகண்ட் ஃபேட் வைத்தேன். நான்காம் நாள் இரவு ஃபைலில் இருந்த எண்களை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டாயிரத்தைத் தொட்ட எண், அடுத்த வரியிலேயே மைனஸ் முப்பத்திரண்டாயிரத்துப் பக்கம் போய் விழுந்திருந்தது.

ஒரு ஸாம்பிளுக்கு 16 பிட் என்றால் −32,768 முதல் 32,767 வரைதான் இடம். உங்கள் ஃபங்ஷனுக்கு 1 என்ற அளவே அந்த உச்சம்; என் மூன்று 0.6களும் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டன. 40,000 வந்தால் அது −25,536 ஆகிவிடும். அலை உச்சிக்குப் போகும்போதெல்லாம் பாதாளத்தில் விழுந்து எழுந்தது. இது உங்கள் ஃபங்ஷனுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் வாய் திறக்கவில்லை. தயவுசெய்து ஒரு வார்னிங் கொடுங்கள்.

இந்தத் துறை முழுக்கவே இப்படித்தான், யாரும் சொல்லாமல் காலை வாரும் விஷயங்களாக இருக்கிறது. 8 பிட் வேவில் மௌனம் என்பது 0 இல்லை, 128. விண்டோஸில் சி என்ற புரோகிராம் மொழியில் ஃபைலை எழுத டெக்ஸ்ட் மோடில் (வெறும் எழுத்துகளுக்கான முறையில்) திறந்துவிட்டால், வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட் வரும் இடமெல்லாம் முன்னால் ஒரு 13 நுழைந்து, பின்னால் வருவதெல்லாம் நகர்ந்துபோய் வெறும் இரைச்சலாகும். கேட்டால் "இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா" என்கிறார்கள். புதிதாக வருகிறவன் எங்கே போய்த் தெரிந்துகொள்வான்? அவன் தன் காதையும் கணக்கையும்தான் சந்தேகப்படுவான். நானும் அதைத்தான் செய்தேன்.

சரி, அத்தனையையும் உங்கள் தலையில் ஏற்றக் கூடாது. சம்பளம் இல்லாமல் உழைக்கிறீர்கள், அதற்கு நன்றி உண்டு. நான் கேட்பது ஒன்றுதான்: ஒன்றைத் தாண்டிய மதிப்பு வந்தால் ஒரு வார்னிங். ஸாம்பிளுக்கு ஒன்று வேண்டாம், ஃபைலுக்கு ஒன்று போதும். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு ஆப்ஷனும் வைத்துவிடுங்கள். அதற்கான புரோகிராம் வரிகளையும் மேனுவலில் சேர்க்க வேண்டிய வரியையும் நானே எழுதி அனுப்புகிறேன். புகாரை மட்டும் மறுபடி திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரியை இன்னும் பயன்படுத்துகிற ஒருவன்