புத்தகப் பெட்டி அனுப்பாதே

கோட்டையூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி, பேரன் செய்யும் சேட்டை, சென்னை வெயில் எல்லாம் படித்தேன். எனக்கும் அதே முழங்கால்தான், அதை விடு. கடைசியில் எழுதியிருந்தாயே, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பப்போவதாக, அதற்குத்தான் இந்த அவசர பதில். அனுப்பாதே.

கோபப்படாமல் மேலே படி. நம்ம ஊரில் புத்தகத்துக்கு எப்போது பஞ்சம் இருந்தது? ரோஜா முத்தையா செட்டியார் இங்கேதான் ஒரு லட்சத்துக்குக் கிட்ட நூலும் இதழும் நோட்டீசுமாகச் சேர்த்து வைத்திருந்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994இல் அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாகிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 'கொக்கு' என்ற சொல்லின் முன்னால் நின்று முழிக்கிறான்.

போன வருடம் நாங்களும் உன்னைப் போலத்தான் யோசித்தோம். மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர்கள் வருடத்தில் பத்து நாள் வருகிறவர்கள். முகப்பைச் சனி ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். அலமாரி ஒன்று வாங்கி, வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டோம். வந்தது என்ன தெரியுமா? பழைய தீபாவளி மலர், கெட்டி அட்டை ஆன்மிகம், போட்டித் தேர்வு வழிகாட்டி, யாரோ ஒருவரின் வருமான வரிச் சட்டம். பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிக்குக் குப்புறப் படுத்துப் படம் மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதத்தில் கரையான்தான் ஒழுங்காகப் படித்தது.

அப்புறம் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். "முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, எது வரை வாசிக்கிறது என்று பாருங்கள்" என்றார். ஒரு தாளில் எழுத்து, சொல், சின்னப் பத்தி, கொஞ்சம் பெரிய கதை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்புக்காரர்கள் பார்ப்பதும் இதே முறையில்தானாம். 2022 கணக்கில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனா பள்ளியை அப்படி மூடி வைத்திருந்தது. 2020இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை வகுப்பறைக்குள் உட்கார்ந்தது 2021 நவம்பரில்தான். தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லித்தரும் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்து கொஞ்சம் தூக்கிவிட்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் விட்டுப்போன அந்த ஒன்றாம் வகுப்பு விட்டுப்போனதுதான்.

அன்றைக்கு ஒரு வேடிக்கை. காவல்காரர் மகள் தன் பாடப்புத்தகத்தை எடுத்து மடமடவென்று ஒரு பக்கம் முழுக்கச் சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் மெதுவாக என் கையைத் தொட்டு, அவள் விரலைப் பார்க்கச் சொன்னார். வாய் நாலாவது வரியில், விரல் இரண்டாவது வரியில். வகுப்பில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். தாளைக் கொடுத்தால் சொல்லோடு நின்றுவிட்டாள்.

நம் எழுத்தில் எது கஷ்டம் என்று எனக்கு இந்த 68 வயதில்தான் தெரிந்தது. 247 என்று பயமுறுத்துவார்கள், அது இல்லை. கொம்புதான். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, முன்னால் நிற்பதைப் பின்னால் சொல் என்றால் பிள்ளை என்ன செய்யும்? "கொம்பு முன்னாலதான நிக்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள். தபாலாபீசில் முப்பத்தைந்து வருடம் ஊராருக்குக் கடிதம் வாசித்துக் காட்டிய எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஆச்சிதான் சொன்னார்: "மாப்பிள்ளை அழைப்புல நாயனக்காரர் முன்னால போவாரு. அவரா மாப்பிள்ளை? பின்னால வாறவுகளப் பாத்துட்டுத்தானே பேரு சொல்லணும்?" அதோடு கொம்பு பிடிபட்டுவிட்டது. இப்போது பிள்ளைகள் அதை நாயனம் என்றுதான் சொல்கிறார்கள். ஒற்றை நாயனம், இரட்டை நாயனம்!

அதே ஆச்சி மறுவாரம் பலகையில் யானை என்று எழுதினார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து, துதிக்கை தூக்கின பழைய 'னை'. பிள்ளைகள் இது என்ன எழுத்து என்று சிரிக்க, ஆச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க யானைக்குத் தும்பிக்கை இருந்துச்சு, ஒங்க யானைக்குத்தான் வெட்டிட்டாக" என்று ஒரு போடு போட்டாரே பார்க்கணும். அன்றிலிருந்து பழைய எழுத்து எழுதிக் காட்டச் சொல்லி அவரை விடுவதே இல்லை.

நான்தான் ரொம்ப நாள் உருப்படவில்லை. பிள்ளை ஒரு எழுத்தில் தடுக்கியதும் என் வாய் முந்திக்கொள்ளும். நாலு தடவை திருத்தினேன், ஒரு பையன் வருவதையே நிறுத்திவிட்டான். டீச்சர், "மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அப்புறம் பேசுங்கள்" என்றார். எண்ணிப் பார், ஐந்து எவ்வளவு நீளம் என்று தெரியும். பாதி நேரம் மூன்றிலேயே பிள்ளை தானாகச் சொல்லிவிடுகிறது. அந்தப் பையனை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வந்தான். என்னிடம் அல்ல, ஆச்சியிடம் உட்கார்ந்தான். சரி, நியாயம்தான்.

இப்போது இருபது பிள்ளைகள், ஏழு பெரியவர்கள். எல்லாம் வீட்டில் பேச ஆளில்லாத கேஸ்கள், நான் உட்பட. சுண்டல் ஒரு வாரம் ஒரு வீடு. புத்தகம் பள்ளியிலிருந்து வருகிறது, அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் ஒல்லிப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. ஒரே உட்காரலில் முடிகிறது, அதுதான் விஷயம். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளைகள் அதுவரை சொன்னதே இல்லை. 'நட'வில் இருப்பவன் 'ஓடு' பக்கம் கள்ளத்தனமாகக் கை நீட்டுவான், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று நினைக்காதே. மூன்று பேர் இன்னும் சொல்லிலேயே நிற்கிறார்கள். ஒருவனுக்குக் கண் சரியில்லையோ என்று சந்தேகம், காரைக்குடியில் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

அதனால் பெட்டி வேண்டாம். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, இரண்டு சாயங்காலம் முகப்பில் வந்து உட்கார். மூக்குக் கண்ணாடியை மறக்காதே, வாயைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வா.

இன்னொன்று. காவல்காரர் மகளுக்கு நான் ஆபீசில் கடிதம் பிரித்து வாசித்த கதையெல்லாம் சொல்லியிருந்தேன். எம் பேருக்கு எப்ப லெட்டர் வரும் என்று வாரா வாரம் கேட்கிறாள். ஐம்பது பைசா கார்டு ஒன்று போடு. பெயரை அடுத்த தாளில் தனியாக எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தாக எழுது, சுலபமாக எழுதிவிடாதே. நாயனம் நிறைய வேண்டுமாம்.

உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்