முதலில் லைசென்ஸைக் கேளுங்கள்

மேற்கு மண்டலத்தின் சோதனைச் சாவடிகளில் பணியாற்றும் காவலர்களுக்கும் அவர்களுடைய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பவானிசாகர் பக்கம், காட்டோரத்தில் வாழையும் மக்காச்சோளமும் வைத்திருக்கும் விவசாயி நான். பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி, அவர் காலத்துக்குப் பின் முறைப்படி என் பெயருக்கு மாறி என்னிடம் இருக்கிறது. என்னைப் போன்ற உரிமதாரர்கள் தாளவாடி மலையிலும் மேட்டுப்பாளையம், ஆனைகட்டி அடிவாரங்களிலும் இருக்கிறார்கள். படையிலிருந்து ஓய்வுபெற்று, சொந்தத் துப்பாக்கியுடன் வங்கிக் காவலுக்குப் போகிறவர்களும் உண்டு. துப்பாக்கியோடு சாலையில் போகும்போது உங்கள் சாவடிகளில் எங்கள் எல்லோருக்கும் நேரும் ஒரு தொல்லையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த வட்டாரத்தில் துப்பாக்கியைப் பார்த்ததும் உங்கள் மனம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்படும்வரை சத்தியமங்கலம் காட்டின் பெயரே துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1998 பிப்ரவரியில் தொடர் குண்டுவெடிப்பில் கோவை பட்ட பாட்டுக்குப் பிறகு, பையைத் திறந்து பார்க்காத காவலரை யாரும் மெச்சமாட்டார்கள். நிறுத்துங்கள், கேளுங்கள், சோதியுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. எந்த வரிசையில் கேட்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்திருக்க வேண்டியதுதானே, சாலையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டித்தான் வைத்திருக்கிறோம். அரசுதான் அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஆய்வுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். முடிந்ததும் போய்த் திரும்ப வாங்க வேண்டும். பழுது பார்க்கக் கோவைக்குப் போக வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தால், நாங்கள் துப்பாக்கியோடு சாலையில் இறங்கும் நாட்களில் பாதி உங்கள் அலுவலகத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறோம்!

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 19. உங்களுக்கு அதிகாரம் தரும் பிரிவு அதுதான். அந்த அதிகாரத்துக்கு ஒரு வரிசையும் வைத்திருக்கிறது. ஆயுதம் எடுத்துச் செல்பவரிடம் எந்தக் காவல் அலுவலரும் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். காட்ட மறுத்தாலோ, காட்ட முடியாமல் போனாலோ, பெயரும் முகவரியும் கேட்கலாம். தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, சொன்ன பெயர் பொய் என்றோ ஆள் தப்பிவிடுவார் என்றோ சந்தேகம் வந்தாலோதான் பிடியாணை இல்லாமல் கைது. எங்கள் அனுபவத்தில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: முதலில் துப்பாக்கியைப் பிடுங்குவது, அடுத்து ஆளை ஓரமாக உட்கார வைப்பது, கடைசியாக, யாருக்காவது நினைவு வந்தால், லைசென்ஸ்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ‘குதிரை’யின் ஸ்பிரிங் தளர்ந்துபோன துப்பாக்கியை மகனிடம் கொடுத்து, பழுது பார்க்கக் கோவைக்கு அனுப்பினார். லைசென்ஸ் புத்தகத்தையும், ‘என் சார்பில் எடுத்துச் செல்கிறார்’ என்று தன் கையெழுத்திட்ட கடிதத்தையும் கொடுத்திருந்தார். சட்டம் இதற்கு இடம் தருகிறது. உரிமதாரர் எழுத்தில் அனுமதி தந்தால், பழுதுக்கோ உரிமம் புதுப்பிக்கவோ இன்னொருவர் ஆயுதத்தை எடுத்துச் செல்லலாம் என்று பிரிவு 3 சொல்கிறது.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையனை இறக்கினார்கள். கடிதத்தை நீட்டினான். வாங்கியவர் நான்காக மடித்திருந்ததை மடித்தபடியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் துப்பாக்கியை உறையிலிருந்து உருவி, குழலின் வாய் எதிரே இருந்த தேநீர்க் கடையைப் பார்த்திருக்க, அதை எப்படித் திறப்பது என்று தடவிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு துப்பாக்கி ஜீப்பின் முகப்பில் கிடத்தப்பட்டது. பக்கத்தில் பையனை நிறுத்திப் படம் எடுத்தார்கள். மதியத்துக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ‘துப்பாக்கியுடன் இளைஞர் சிக்கினார்’ என்ற வரியோடு எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. மாலையில் யாரோ ஒரு அதிகாரி வந்து கடிதத்தைப் பிரித்துப் படித்தார். தவறு ஒன்றும் இல்லை, போகலாம் என்றார். வழக்கும் இல்லை, ரசீதும் இல்லை, வருத்தமும் இல்லை. பையனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை உங்களிடம் சொல்லி என்ன பயன்?

அவனிடம் கேட்ட ஒரு கேள்வி என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது: “உறையில் போட்டு ஏன் மறைத்துக் கொண்டுபோகிறாய்?” பொது இடத்தில் துப்பாக்கி, அதற்கென்று செய்த உறையில், முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. மூடாமல் போனால் விதிமீறல், மூடிக்கொண்டு போனால் சந்தேகம். தோளில் மாட்டிக்கொண்டு போனால் பிரிவு சொல்லிப் பிடிப்பீர்கள். நாங்கள் அதை எப்படித்தான் கொண்டுபோவது?

நீங்கள் செய்ய வேண்டியது மிகவும் சிறிய வேலை. லைசென்ஸை வாங்கிப் படத்தையும், தேதியையும், எந்த எல்லைக்குள் அது செல்லுபடியாகும் என்பதையும் பாருங்கள். உரிமதாரரையே துப்பாக்கியை வெளியே எடுத்து, குழலைத் தரைப்பக்கம் வைத்து, மடக்கித் திறக்கச் சொல்லுங்கள். தோட்டா இல்லாவிட்டால் இரண்டு குழல்களின் வழியாகவும் வெளிச்சம் தெரியும். துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண்ணும் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் கைப்பற்றுங்கள், கையோடு எழுத்தில் ஒப்புகையும் கொடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. கைபேசி அதற்குத்தான். ஊருக்குப் படம் அனுப்புவதற்கு அல்ல.

எங்கள் பக்கத்திலும் சில மேதாவிகள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மீசை முறுக்குகிறவர்கள், உரிமம் காலாவதியான பிறகும் துப்பாக்கியைச் சுமந்து திரிகிறவர்கள். அவர்களுக்காக நான் பேசவில்லை; 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கும் துப்பாக்கியால் நாங்கள் ஒரு காட்டுப்பன்றியைக்கூடச் சுட முடியாது என்பது வேறு கதை. 2025இல் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைத்தான் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். என் தோட்டத்துக்கும் காட்டுக்கும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இரவில் வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்துச் சத்தம் காட்டுவதோடு சரி. இப்படிச் சட்டப்படி ஒழுங்காக நடக்கிறவனே சாவடியில் குற்றவாளி போல் நின்றால், அடுத்த தோட்டத்துக்காரர் லைசென்ஸ் கேட்டு எதற்கு அலையப்போகிறார்? நாட்டுத் துப்பாக்கியும், தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயும் எந்தச் சாவடியையும் கடக்காமலே கிடைக்கின்றன. அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் யானை சாவதையும் இந்த மாவட்டங்களில்தான் பார்க்கிறோம்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் வழக்கம்போல் துப்பாக்கிகள் உங்கள் நிலையங்களுக்கு வந்து சேரும். அன்றைக்கு ஆயுதப்படையிலிருந்து ஒருவரை வரவழைத்து, சாவடிப் பணிக்குப் போகும் காவலர்களுக்கு ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் இரண்டையும் திறந்து மூடக் கற்றுக்கொடுங்கள். எங்கள் நிலையத்தில் நடத்துவதாக இருந்தால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். நான் காலையிலேயே, லைசென்ஸோடு, உறை போட்டு எடுத்து வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பவானிசாகர் பக்கத்து உரிமதாரர் ஒருவர்