பொறியியல் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் என்னிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்: நாம் செய்யும் பொருளை யாரால் பயன்படுத்த முடியாமல் போகிறது?

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விண்ணப்பப் படிவம் செய்தேன். 'தந்தை பெயர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டேன். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. பழைய காகிதப் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் காகிதத்தில் அதை வெறுமையாக விட்டு நீட்டலாம். எதிரே இருப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார். என் படிவம் வாங்கிக்கொள்ளவில்லை. தனியாக மகளை வளர்க்கும் ஒரு தாய் எழுதிய புகார் மூன்று மாதம் கழித்து என் மேசைக்கு வந்தது. குறியை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் எத்தனை பேர் பாதியிலேயே விட்டுப் போனார்களோ, அதைக் கணக்கெடுக்கக்கூட நான் வழி வைத்திருக்கவில்லை. சோதனைகளில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது.

பல ஆண்டுகள் கழித்து, லாங்டன் வின்னர் என்ற அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன். கருவிகளுக்கு அரசியல் உண்டா என்பதே அதன் தலைப்பு. அதிலிருந்து பலரும் எடுத்துச் சொல்வது நியூயார்க்கில் ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி கட்டிய தாழ்வான பாலங்களின் கதையை; பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பின மக்களும் கடற்கரைக்கு வரக்கூடாது என்றே அவற்றைத் தாழ்வாகக் கட்டினார் என்பது அந்தக் கதை. அதன் விவரங்களைப் பிறகு வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். என்னை உலுக்கியது அதே கட்டுரையில் வரும் தக்காளி. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளி அறுவடை இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். இயந்திரத்தின் முரட்டுப் பிடியைத் தாங்க, கெட்டியான, ருசி குறைந்த தக்காளி வகைகள் வளர்க்கப்பட்டன. அந்த விலையுயர்ந்த இயந்திரம் பெரிய பண்ணைகளுக்கே கட்டுப்படியானது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேராக இருந்த தக்காளி விவசாயிகள் 1973இல் சுமார் 600 பேர் ஆனார்கள். விளைச்சலோ கூடியது. யாரும் சதி செய்யவில்லை என்கிறார் வின்னர். நல்ல எண்ணத்தோடு நல்ல பொறியியல் செய்திருக்கிறார்கள். அந்த வரியில்தான் என் நட்சத்திரக் குறி எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் அர்சுலா ஃப்ராங்க்ளினிடம் வந்தேன். அவர் உலோகவியலாளர், நம் ஆள். பழங்காலச் சீன வெண்கலப் பாத்திரங்கள் எப்படி வார்க்கப்பட்டன என்று ஆராய்ந்தவர். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு படியை மட்டும் கொடுத்து, ஒவ்வொன்றும் இப்படித்தான் செய்யப்பட வேண்டும் என்று விதித்துவிடும் முறையை அந்த வெண்கலத்திலேயே அவர் கண்டார். அப்படிப்பட்ட முறைகள் பொருளோடு சேர்த்துக் கீழ்ப்படிதலையும் தயாரிக்கின்றன என்று 1989இல் கனடா வானொலி உரைகளில் சொன்னார். முழுப் படிவத்தையும் ஒருபோதும் பார்க்காமல் ஒரு கட்டத்தை மட்டும் எழுதிக் கொடுக்கும் எங்கள் வேலை அதேதான்.

இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கும் துறைக்குத் தொழில்நுட்பத்தின் தத்துவம் என்று பெயர். அந்தப் பெயரிலேயே எர்ன்ஸ்ட் காப் என்ற ஜெர்மானியர் 1877இல் நூல் எழுதிவிட்டார். அதாவது இது நேற்று வந்த துறை கிடையாது. தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதிய ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரையும் படிக்கத்தான் வேண்டும், ஆனால் அவரிடமிருந்து தொடங்காதீர்கள். அவர் நடை மாணவர்களை விரட்டிவிடும். மேலும், நாஜிக் கட்சியில் அவர் உறுப்பினராக இருந்ததை மறைத்துவிட்டு அவரைக் கற்பிக்க முடியாது.

இப்போது இருக்கும் அறநெறித் தாள் லஞ்சம் வாங்காதே, ரகசியம் காப்பாற்று என்கிறது. சரி, அது வேண்டியதுதான். அதோடு இன்னொரு தாளைச் சேர்க்கச் சொல்லவில்லை. சேர்த்தால் அதையும் தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வடிவமைப்பு வகுப்புக்குள்ளேயே இதைக் கொண்டுவாருங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஒரே ஒரு பக்கம்: இதை யாரால் பயன்படுத்த முடியாது, அது யார் எடுத்த முடிவு? அந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் போடுங்கள், வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

முதல் வகுப்பை எடுக்கக் கூப்பிட்டால் நானே வருகிறேன். அந்தப் படிவத்தை இன்னும் வைத்திருக்கிறேன்; எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்