பழைய கோவாவின் தராசும் ஜன்னலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் வந்த பழைய கோவா பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் தேவாலயங்களும் 1560இல் வந்த சமய விசாரணை மன்றமும் தவிர அந்த ஊரில் வேறொன்றுமே இல்லை என்பது போல எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அங்கே மீன் விலையை யார் பார்த்துக்கொண்டார்கள், தெருக் குப்பைக்கு யார் பொறுப்பு? கடைகடையாக ஏறி எடைக்கற்களைச் சோதித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

1510இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைப் பிடித்த சில ஆண்டுகளிலேயே அவர்கள் தலைநகரான லிஸ்பன் நகரசபையின் உரிமைகள் இந்த ஊருக்கும் கிடைத்துவிட்டன. போர்த்துக்கீசிய நகரசபை என்றால் அதில் 'அல்மொத்தசே' என்ற அதிகாரி இருப்பார். எடையும் அளவும் சரிதானா, ரொட்டியும் இறைச்சியும் என்ன விலை, தெருவில் சாணமோ செத்த விலங்கோ கிடக்கிறதா என்பதெல்லாம் அவர் பாடு. அரபு நகரங்களின் சந்தை அதிகாரி 'முஹ்தசிப்'தான் போர்த்துக்கீசிய வாயில் அப்படி ஆனார். பீஜப்பூர் சுல்தானிடமிருந்து ஊரைப் பிடித்தவர்கள், அதன் சந்தையை அரபுப் பெயர் கொண்ட பதவியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்! ஓரிரு மாதங்களில் ஆளை மாற்றிவிடுவதும் அவர்கள் வழக்கம். கடைக்காரரோடு பழக்கம் முற்றுவதற்குள் மாற்றுவது கெட்டிக்காரத்தனம் என்பேன், அனுபவித்தவன் சொல்கிறேன்.

அண்டை வீட்டு முற்றம் தெரியும்படி ஒருவர் ஜன்னல் வைத்தால் அந்த வழக்கும் அல்மொத்தசேயிடம்தான் போகும். 'ஜன்னல்' என்ற சொல்லே அவர்களுடைய 'ஜனேலா'தானே. கோவாவின் பெரிய தெருவில் காலை வேளைகளில் நடந்த 'லெய்லாவ்'தான் நம் வாயில் 'ஏலம்'. அந்த ஏலத்தில் குதிரைகளோடு அடிமைகளும் விற்கப்பட்டார்கள். ஆகவே இதையெல்லாம் நல்லாட்சி என்று மெச்ச நான் தயாரில்லை. சபையில் இடம், மணமுடித்துக் குடியேறிய போர்த்துக்கீசியருக்கு. ஊரின் மற்ற மக்களுக்கு விதிகளுக்கு அடங்குவது மட்டும்தான்.

கட்டுரையாளர் மறுமுறை அங்கே போனால், சாலையோரம் தனியே நிற்கும் கருங்கல் தண்டனைத் தூணையும் படமெடுத்து வரச் சொல்லுங்கள். நகரசபையின் அதிகாரத்துக்கு அடையாளமாகப் போர்த்துக்கீசியர் ஊர்தோறும் நட்டது அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர்,
திருச்சி.