தகரம் பறந்த கதை

பொகவந்தலாவை,
சித்திரைக் கடைசி

அன்புள்ள சிவா,

ஆறு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. நீயும்தான் எழுதவில்லை, கணக்குச் சரி. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். குடை விஷயத்தை நேரில் பேசிக்கொள்வோம்.

போன செவ்வாய் பின்னேரம் நம் தேயிலைத் தோட்டத்துப் பணிய லயத்தில், கீழே இருக்கிற அந்த வரிசை வீடுகளில், ஆறு காம்பரா அறைகளின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. மூன்று மணிக்கு மேகம் கறுத்து இடி இடித்தது; சித்திரையில் இது புதிதா என்று யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நிமிடம்கூட இராது. இஸ்தோப்புத் திண்ணைப் பக்கமாகப் புகுந்த காற்று தகரத்தை அடியிலிருந்து தூக்கியது. தகரம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்த கற்கள் எல்லாம் உள்ளே விழுந்தன. அம்மாச்சியின் தலையணை நடுவில் தேங்காய்ப் பருமனில் ஒரு கல். கிழவி அந்நேரம் அடுத்த காம்பராவில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். வாய்தான் அவளைக் காப்பாற்றியது என்று லயமே சிரிக்கிறது. எனக்கு அந்தக் கல்லைத் தூக்கி வெளியே போடும்போது கை நடுங்கியது. ஒரு தகரம் கொழுந்து மலையில் நிழல்மரத்தைச் சுற்றி வெற்றிலை மாதிரி மடிந்து கிடந்தது.

சேதம் பதிய வந்தவர், “மினி சூறாவளியா, பலத்த காற்றா?” என்று கேட்டார். கிழவியிடமே கேளுங்கள் என்றேன்.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் இருக்கிற நம்ம மூக்கனுக்குப் படம் அனுப்பினேன். “இதுக்கே அழுகிறாயா?” என்றான், அதே வாய். அவன் போவதற்கு முன்பு, 2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை, அந்தப் பக்கத்து மாநிலங்களில் ‘டொர்னாடோ’ என்கிற சுழற்காற்று 360 அடித்ததாம். 27ஆம் திகதி மட்டும் முந்நூறு பேருக்கு மேல் சாவு, பெரும்பகுதி அலபாமாவில். நமக்கு வருகிற சூறாவளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், சில நாளைக்கு முன்பே வானொலியில் சொல்லிவிடுவான். அங்கே அடிக்கிற சுழற்காற்று பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான். சைரன் ஊதினால் ஓடுவதற்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். இரவில் வந்தால் கண்ணுக்கும் தெரியாது.

அப்புறம் ஒன்று சொன்னான், அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அங்கே ‘மொபைல் ஹோம்’ என்று லொறியில் இழுத்து வந்து நிறுத்துகிற வீடுகள் உண்டாம். சரியான அத்திவாரம் கிடையாது, காற்று அடியில் புகுந்து புரட்டிவிடும். சுழற்காற்றில் சாகிறவர்களில் பெரும் பங்கு அந்த வீட்டுக்காரர்கள்தான். பலருக்கு வீடு சொந்தம், அது நிற்கிற நிலம் வாடகை. சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “நம்ம லயம் மாதிரிடா” என்றான். நமக்கு வீடும் சொந்தமில்லையே என்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், ஆணி கழன்ற தகரம். மூக்கன் அதற்குப் பகிடி விடவில்லை, நீ நம்பமாட்டாய்.

2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்ததற்குப் பிறகு மழை பெய்தால் எல்லோரும் மலையைப் பார்ப்போம். இப்போது இடி கேட்டாலே பிள்ளைகள் கூரையைப் பார்க்கிறார்கள். ஆறு காம்பராவுக்கும் நீலப் படங்கு கட்டியிருக்கிறோம், இரவு முழுக்கப் படபடவென்று அடிக்கிறது. மறுபடியும் கல் வைக்க நான் விடவில்லை.

வரும்போது ரப்பர் வைத்த கூரை ஆணி நாலு கிலோ வாங்கி வா. ஹட்டன் கடைகளில் தீர்ந்துவிட்டது. காசு வந்ததும் தருகிறேன், குடைக் காசை அதில் கழிக்காதே.

உன்,
மணி