தீக்குக் காரணம் காய்ந்த புல்தானா? மறு ஆய்வு கோரி ஒரு புகார்

அனுப்புநர்: மைதானப் பராமரிப்பு ஒப்பந்ததாரர், கோவை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை
நாள்: 6-10-2025

பொருள்: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி தீப்பிடித்தது, உங்கள் ஆய்வறிக்கையை ஏற்க மறுத்து மறு ஆய்வு கோருவது.

ஐயா, வணக்கம்.

கோவையில் ஒரு கல்லூரி மைதானத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை எடுத்து நடத்துகிறேன். 2023 நவம்பரில் உங்களிடம் ஒரே நாளில் ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் வாங்கினேன். இரண்டும் கடனில் எடுத்தவை. வாரண்டி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

செப்டம்பர் 9-ஆம் தேதி காலை அவுட்ஃபீல்டை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வண்டி தீப்பிடித்தது. வேலை தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. ஓட்டிய தம்பிக்கு முதலில் வந்தது புகை வாடை இல்லை, பெட்ரோல் வாடை. என்ன என்று குனிந்து பார்ப்பதற்குள் பானட்டின் வலப்பக்கத்தில் அடியிலிருந்து தீ எழும்பியது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் குதித்ததால் பிழைத்தான். ஆனாலும் முழங்கைக்குக் கீழே தோல் வெந்துவிட்டது. பானட்டைத் திறக்காதே என்று நான் தூரத்திலிருந்து கத்தினேன். திறந்தால் காற்று உள்ளே போய் தீ இன்னும் ஏறும். கல்லூரி லேபிலிருந்து தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் வருவதற்குள் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பயிற்சி வலை பாதி எரிந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். மொத்தம் கால் மணி நேரம் இருந்தார். பானட்டைத் தூக்கிப் பார்த்தார், போனில் நாலு படம் எடுத்தார், சர்வீஸ் விவரம் எழுதும் ஜாப் கார்டில் ஒரே வரி எழுதினார்: ‘இன்ஜினைச் சுற்றிக் காய்ந்த புல் சேர்ந்ததால் தீ, பராமரிப்புக் குறைபாடு, வாரண்டி பொருந்தாது.’ கையெழுத்து கேட்டார். நான் போடவில்லை.

காய்ந்த புல்லால் இந்த வண்டிகள் தீப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஓடுகிற இன்ஜினின் சைலன்சர் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சுடும். வெட்டும்போது புல் ஈரமாக இருந்தாலும், அதன்மேல் ஒட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து சருகாகிவிடும். அதனால்தான் தினமும் வேலை முடிந்து இன்ஜின் ஆறியதும் புளோயர் வைத்து ஊதி, சைலன்சர் பக்கத்தைத் துணியால் துடைத்து வைக்கிறோம். சரி, அன்றைக்குக் கொஞ்சம் புல் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதுதான் தீக்குக் காரணம் என்றால் தீ சைலன்சர் இருக்கும் இடப்பக்கத்தில் அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? அங்கே இருந்த புல் கருகவே இல்லை. கருகி உருகியிருப்பது வலப்பக்கம், பெட்ரோல் ஃபில்டரிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், இருந்த இடம். உங்கள் இன்ஜினியர் அந்தப் பக்கம் டார்ச்கூட அடிக்கவில்லை.

மற்ற சந்தேகங்களையும் நானே பார்த்துவிட்டேன். பேட்டரி வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்குமோ என்று பார்த்தால் பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அந்த வயரும் ஃபியூஸும் முழுசாக இருக்கின்றன. இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றவில்லை. காலையில் ஷெட்டிலிருந்து எடுக்கும்போதே டேங்க் நிரப்பியாகிவிட்டது. ஷெட்டில் எலி உண்டுதான், ஆனால் இன்ஜின் மூடிக்குள் கூடு எதுவும் இல்லை.

அப்புறம்தான் இரண்டாவது வண்டியின் பானட்டைத் திறந்தேன். அதே ஹோஸ், கார்புரேட்டர் பக்கம் அதைக் கிளாம்ப் என்ற வளையம் இறுக்கும் இடத்தில் சுற்றிலும் வெடித்திருக்கிறது. விரலால் லேசாக வளைத்தால் வெடிப்பில் பெட்ரோல் முத்து முத்தாகக் கசிகிறது. பக்கத்தில் சூடான இன்ஜின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே கலைந்து போகாமல் அடியிலேயே தங்கும். ஒரு சின்னப் பொறி போதும். அன்றிலிருந்து அந்த வண்டியையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருடத்துக்குள் ரப்பர் ஏன் இப்படி ஆக வேண்டும்? உங்கள் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோல் போடக்கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில். இன்றைக்குப் பங்கில் சாதாரண பெட்ரோல் கேட்டால் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதைத் தாங்காத ரப்பர் உப்பும், இறுகும், வெடிக்கும். வண்டியைக் கொண்டுவந்து இறக்கியபோது பிளேடு உயரம் மாற்றுவதை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்த உங்கள் ஆட்கள், பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு சர்வீஸிலும் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றிப் பணம் வாங்கினார்கள், ஹோஸைத் தொடவில்லை. எத்தனால்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கிளாம்ப் அளவு தவறாக இருக்கலாம், ஹோஸே மட்டமானதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான்: ஜூலையிலேயே ‘வண்டியில் பெட்ரோல் வாடை வருகிறது’ என்று உங்கள் கோவை டீலருக்குப் போன் செய்தேன். ‘டேங்க் ஃபுல்லா ஊத்தாதீங்க, சரியாயிடும்’ என்றார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. அந்தப் போன் செய்த நாளும் நேரமும் என் போனில் இன்னும் இருக்கிறது.

இந்த வண்டி அமெரிக்காவிலிருந்து வருவதாகச் சொல்லித்தான் விற்றீர்கள். அங்கே பெட்ரோல் கசிவால் தீப்பிடிக்கும் அபாயம் என்று எத்தனையோ புல்வெட்டும் வண்டிகளைக் கம்பெனிகளே திரும்பப் பெற்றிருக்கின்றன. இப்படி ஒரு குறை தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இங்கே மட்டும் ஜாப் கார்டில் ஒரு வரியா? நம் ஊரில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சரியான எச்சரிக்கையும் பயன்பாட்டுக் குறிப்பும் தராமல் விற்றால் தயாரிப்பாளர் பொறுப்பு என்றுதான் சொல்கிறது.

எரிந்த வண்டியை ஹோஸ், கிளாம்ப் எல்லாம் கழற்றிப் பார்த்து, உங்கள் தொழிற்சாலை ஆட்கள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். அது வரும்வரை இந்த ஜாப் கார்டை ரத்து செய்யுங்கள். எரிந்ததற்கு மாற்று வண்டி, தம்பியின் மருத்துவச் செலவு, கல்லூரிக்கு நான் கட்டிய வலையின் விலை இவை எனக்கு வர வேண்டும். இரண்டாவது வண்டிக்கு இந்தப் பெட்ரோலைத் தாங்கும் ஹோஸ் போட்டுத் தாருங்கள். இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே போன் செய்து பானட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சொல்ல என் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். படங்கள், மருத்துவ ரசீது, இரண்டு சர்வீஸ் பில்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எரிந்த வண்டி தார்ப்பாய் போட்டு ஷெட்டில் அப்படியே இருக்கிறது. நான் இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறவர் முந்தின நாளே போன் செய்துவிட்டு, இந்தத் தடவை ஸ்பானரோடு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்